ஒரே பெயர், வேறு வேறு வாட்ச்: விலையுயர்ந்த கைக்கடிகாரத்தை மாடல் பிரித்து வாங்க ஒரு வழிகாட்டி

"பச்சை சப்மரைனர் இருக்கு சார், பேப்பரோட" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். ரோலெக்ஸ் சப்மரைனரில் அப்படிச் சொல்லத்தக்கவை மூன்று உண்டு. 2003-ல் வந்ததற்கு டயல் கறுப்பு, சுற்று வளையம் (பெசல்) பச்சை அலுமினியம். 2010-ல் வந்ததற்கு டயல், வளையம் இரண்டுமே பச்சை, வளையம் செராமிக். 2020-ல் வந்ததற்கு டயல் மறுபடி கறுப்பு, வளையம் பச்சை செராமிக், கேஸ் (வாட்சின் உலோகக் கூடு) ஒரு மில்லிமீட்டர் பெரிது, மெஷினும் புதிது. மூன்றுக்கும் சந்தை விலை வேறு. நடுவில் உள்ளதைத் தயாரிப்பதை 2020-ல் நிறுத்திவிட்டார்கள். படம் அனுப்பியவர் எதன் விலையைச் சொல்கிறார், எந்த வாட்சைக் காட்டுகிறார் என்று தெரியாமல் பேரத்தில் உட்கார்ந்தால் லட்சக்கணக்கில் போய்விடும்.

சென்னையில் முதல் தடவையாக இப்படி ஒரு வாட்ச் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இந்த விவரங்கள் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. ஷோரூமில் ஒன்று சொன்னார்கள், ரிப்பேர் செய்பவர் ஒன்று சொன்னார், பழைய வாட்ச் விற்பவர் தனக்குச் சாதகமானதை மட்டும் சொன்னார். வரி விவரத்தை ஆடிட்டரிடம் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள், வரிசை முக்கியம்.

1. பெயரை விடுங்கள், ரெஃபரன்ஸ் எண்ணைக் கேளுங்கள்

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ரெஃபரன்ஸ் எண் உண்டு. அந்த ஒரு வாட்சுக்கு மட்டும் உரியது சீரியல் எண். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது மாடலைச் சொல்லும், இரண்டாவது அந்த ஒரு வாட்சைச் சொல்லும்.

ரோலெக்ஸின் இன்றைய எண்களில் கடைசி இலக்கம் உலோகத்தைக் காட்டும். 0 என்றால் ஸ்டீல். 1 ஸ்டீலும் ரோஸ் கோல்டும், 3 ஸ்டீலும் மஞ்சள் தங்கமும், 4 ஸ்டீலும் வெள்ளைத் தங்கமும். 5 முழு ரோஸ் கோல்டு, 6 பிளாட்டினம், 8 மஞ்சள் தங்கம், 9 வெள்ளைத் தங்கம். இதை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 126300, 126334 இரண்டுமே 41 மி.மீ. டேட்ஜஸ்ட்தான். முதலாவது வழவழப்பான ஸ்டீல் வளையம். இரண்டாவதில் வரி வரியாக வெட்டிய வளையம் வெள்ளைத் தங்கம். ரோலெக்ஸின் இப்போதைய வரிசையில் அந்த வெட்டு வளையம் தங்கத்திலோ பிளாட்டினத்திலோதான் வரும், ஸ்டீலில் வராது. ஆகவே "126300, வெட்டு பெசல்" என்று யாராவது எழுதினால் எண் தவறு, இல்லையென்றால் வளையம் வெளியில் செய்து மாட்டியது.

எண்ணுக்குப் பின் வரும் எழுத்துகள் வளையத்தின் நிறத்துக்கான பிரெஞ்சுச் சுருக்கங்கள். எல்என் கறுப்பு, எல்வி பச்சை, பிஎல்ஆர்ஓ நீலமும் சிவப்பும், பிஎல்என்ஆர் நீலமும் கறுப்பும்.

படேக் பிலிப்பில் எழுத்துதான் உலோகம்: ஏ ஸ்டீல், ஜே மஞ்சள் தங்கம், ஆர் ரோஸ் கோல்டு, ஜி வெள்ளைத் தங்கம், பி பிளாட்டினம். நாட்டிலஸ் 5711/1ஏ ஸ்டீல், 40 மி.மீ.; 2021-ல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த 5811/1ஜி வெள்ளைத் தங்கம், 41 மி.மீ. இரண்டிலும் நீல டயல், இரண்டிலும் குறுக்குக் கோடுகள். படத்தில் பார்த்துப் பிரிப்பது கடினம், கையில் தூக்கினால் எடையே சொல்லிவிடும்.

ஒமேகாவின் எண் நீளமானது, ஆனால் ஒழுங்கானது. 210.30.42.20.03.001 என்பதில் 30 என்றால் ஸ்டீல் கேஸுக்கு ஸ்டீல் செயின், 42 விட்டம், 03 நீல டயல். அதே இடத்தில் 01 இருந்தால் கறுப்பு. சீமாஸ்டர் டைவரில் 30-க்குப் பதில் 32 இருந்தால் ரப்பர் ஸ்ட்ராப்போடு வந்தது. ரப்பரில் வாங்கிப் பிறகு ஸ்டீல் செயினைத் தனியாக வாங்கினால் சேர்த்து வாங்கியதைவிட அதிகம் ஆகும். நம் ஊர் வியர்வையில் செயின் வேண்டுமா, ரப்பர் வேண்டுமா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். தோல் ஸ்ட்ராப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏப்ரல், மே இரண்டு மாதத்திலேயே உள்பக்கம் கறுத்து நாறும்.

விற்பவர் சொல்லும் எண், வாரண்டி அட்டையில் உள்ள எண், கண்ணால் பார்க்கும் வாட்ச் மூன்றும் பொருந்தினால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

2. கையோடு எடுத்துப் போக வேண்டியவை

நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும், 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சின்னக் கண்ணாடி, மில்லிமீட்டர் அளக்கும் ஒரு டிஜிட்டல் காலிப்பர், டார்ச் உள்ள போன். முதல் இரண்டும் பெரிய செலவில்லை, இணையத்தில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த ரெஃபரன்ஸின் பக்கத்தை முன்பே திறந்து படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். நிறுத்தப்பட்ட மாடல் என்றால் பழைய விலைப்பட்டியல் படம் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல பழக்கம்: வாங்கும் எண்ணம் வருவதற்கு முன்பே எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி பலேடியம், நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலை என்று பெரிய கடைகள் இருக்கும் பக்கம் போய், அசல் வாட்சைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த பிராண்டுக்கு எந்தக் கடை அதிகாரபூர்வ டீலர் என்பதை அந்த பிராண்டின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துவிட்டுப் போங்கள். வாங்காமல் கேட்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். சாவியைத் திருகும்போது, வளையத்தைச் சுற்றும்போது, லாக்கை மூடும்போது விரலுக்குக் கிடைக்கும் உணர்வை எந்தப் படமும் தராது.

3. டயலை மேலிருந்து கீழாகப் படியுங்கள்

அதிகம் தவறவிடப்படும் இடம் இதுதான். ஆகவே நிதானமாக.

முதலில் எழுத்து. தேதி உள்ள சப்மரைனரில் மேலே "ஆய்ஸ்டர் பெர்பெச்சுவல் டேட்" என்று மூன்று சொல் இருக்கும். தேதி இல்லாததில் கடைசிச் சொல் இருக்காது, கண்ணாடி மேல் உருப்பெருக்கிக் குமிழும் இருக்காது. அடுத்து கீழே ஆறு மணிக்கு அடியில் "சுவிஸ் மேட்" என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே பாருங்கள். 2020-ல் வந்த 41 மி.மீ. சப்மரைனரில் அங்கே மிகச்சிறிய கிரீடம் ஒன்று இருக்கும். அதற்கு முந்தைய 116610-ல் கிரீடம் கிடையாது. லூப் வைத்தால் ஒரு விநாடியில் தெரிந்துவிடும் இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் 3135, 3235 என்ற இரண்டு மெஷின்கள் இருக்கின்றன. பழையது சுமார் 48 மணி நேரம் ஓடும், புதியது சுமார் 70 மணி நேரம். வெள்ளி இரவு கழற்றி வைத்துத் திங்கள் காலை கட்டுகிறவருக்கு அது பெரிய வசதி.

கிராண்ட் செய்கோவில் டயலின் மேல்பகுதியே காலத்தைச் சொல்லிவிடும். 2017-க்கு முன் வந்தவற்றில் 12 மணிக்குக் கீழே "செய்கோ" என்றும், கீழ்ப்பாதியில் "கிராண்ட் செய்கோ" என்றும் இருக்கும். 2017-ல் தனி பிராண்டாகப் பிரித்த பின் மேலே கிராண்ட் செய்கோ மட்டும்தான். பனி படிந்தது போன்ற வெள்ளை டயலுக்குப் பேர் பெற்ற அந்த டைட்டானியம் மாடல் எஸ்பிஜிஏ011-லிருந்து எஸ்பிஜிஏ211 ஆனது இப்படித்தான். அதன் செகண்ட் முள் துடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். ஸ்பிரிங் டிரைவ் என்ற மெஷினின் அடையாளம் அது. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் முள் நுட்பமாக விட்டுவிட்டு நகரும். ரோலெக்ஸ் 3235-ல் விநாடிக்கு 8 துடிப்பு. கிராண்ட் செய்கோவில் மெஷின் எண் 9எஸ் என்று தொடங்கினால் மெக்கானிக்கல், 9ஆர் ஸ்பிரிங் டிரைவ், 9எஃப் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் என்றதும் மட்டம் என்று நினைக்காதீர்கள். 9எஃப் மிக உயர்ந்த வேலைப்பாடு கொண்டது.

டியூடர் பிளாக் பேயில் ரோஜா சின்னம் இருந்தால் 2012-ல் தொடங்கிய முதல் தலைமுறை, வெளியிலிருந்து வாங்கிய மெஷின். கேடயச் சின்னம் இருந்தால் பெரும்பாலும் 2016-க்குப் பிந்தைய சொந்த மெஷின். பிளாக் பே 58 தனி மாடல்: 39 மி.மீ., மெலிதானது. சாதாரண பிளாக் பே 41 மி.மீ. மணிக்கட்டு ஒல்லியாக இருந்தால் 58-தான் சரியாக உட்காரும்.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்சில் இன்று இரண்டு வகை ஒன்றாக விற்பனையில் இருக்கின்றன. ஒன்றில் கண்ணாடி ஹெசலைட் என்ற அக்ரிலிக், டயலில் ஒமேகா சின்னம் அச்சடித்தது, பின்மூடி முழு ஸ்டீல். மற்றொன்றில் சஃபையர் கண்ணாடி, சின்னம் தனியாகச் செய்து ஒட்டியது, பின்மூடி வழியே மெஷின் தெரியும். ஹெசலைட்டின் நடுவில் லூப் வைத்துத் தேடினால் மிகச்சிறிய ஒமேகா குறி தெரியும். சஃபையரில் ஓரம் சுற்றிப் பால் நிற வளையம் போல ஒளி சிதறும். சஃபையருக்கு விலை கூடுதல். ஹெசலைட் எளிதில் கீறும், ஆனால் பாலிஷ் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடும். நான் ஹெசலைட் பக்கம். டயலின் கறுப்பு அதில்தான் ஆழமாகத் தெரிகிறது.

சீமாஸ்டர் டைவர் 300-ஐப் பிரிக்க தேதிக் கட்டத்தைப் பாருங்கள். 2018 முதல் அது 6 மணியில். அதற்கு முன் 3 மணியில். 212 என்று தொடங்கும் இடைத்தலைமுறையில் டயலில் அலைக்கோடும் கிடையாது.

கார்ட்டியே டேங்கில் ரோமன் எண்களில் ஒன்றின் காலுக்குள், பெரும்பாலும் ஏழாம் எண்ணில், "கார்ட்டியே" என்று மிகச்சிறிய எழுத்தில் ஒளித்து எழுதியிருப்பார்கள். சிலவற்றில் பத்தாம் எண்ணில் இருக்கும். அந்தக் கோடு லூப்பில் பார்க்கும்போது கசங்கித் தெரிந்தால் வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டேங்க் லூயி தங்க கேஸ். டேங்க் மஸ்ட் பொதுவாக ஸ்டீல். வடிவம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் தங்க முலாம் பூசிய பழைய டேங்குகளை "லூயி" என்று சொல்லி விற்பது நடக்கிறது. பின்மூடியில் 750 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். 18 காரட்டின் குறி அது.

ஓடமார் பிகே ராயல் ஓக்கில் "ஜம்போ" என்று அழைக்கப்படுவது 39 மி.மீ., செகண்ட் முள் கிடையாது. 41 மி.மீ. மாடல்களில் செகண்ட் முள் உண்டு. எண்கோண வளையத்தில் உள்ள எட்டு ஆணிகளின் பிளவுகளும் வளையத்தின் வட்டத்தோடு ஒத்துப் போகும். ஒன்று திரும்பிக் கொண்டு நின்றாலும் சந்தேகப்படுங்கள். அந்த ஆணித் தலைகள் அறுகோணக் குழியில் உட்கார்ந்திருப்பதால் திரும்பவே இடமில்லை.

4. பெசலும் கண்ணாடியும்

அலுமினிய வளையம் வெயிலில் நிறம் வெளுக்கும், கீறும். செராமிக் வெளுக்காது, கீறாது. ஆனால் கீழே விழுந்தால் உடையும், மாற்றுவது செலவு. பழைய அலுமினிய வளையம் அழகாக வெளுத்திருந்தால் அதற்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் செயற்கையாக வெளுக்க வைப்பதும் நடக்கிறது. விரல் அதிகம் படும் ஓரமும் மற்ற இடமும் ஒரே சீராக வெளுத்திருந்தால் நம்பாதீர்கள்.

ஸ்பீட்மாஸ்டரில் வளையத்தில் 90 என்ற எண்ணைத் தேடுங்கள். 2021-ல் வந்த 3861 மெஷின் மாடலில் புள்ளி 90-க்கு மேலே இருக்கும். அதற்கு முந்தைய 1861 மெஷின் மாடலில் பக்கத்தில் இருக்கும். 1970 வாக்கிற்கு முந்தைய மிகப் பழைய வளையங்களிலும் மேலேதான். அந்தப் பழைய வளையம் தனியாகவே நல்ல விலை போவதால், புள்ளியை மட்டும் பார்த்து வாட்சின் வயதைத் தீர்மானிக்க முடியாது.

ரோலெக்ஸில் தேதியின் மேல் உள்ள குமிழ் 2.5 மடங்கு பெரிதாக்கும். தேதி சின்னதாகத் தெரிந்தால் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள்.

5. செயின், கால்கள், லாக்

காலிப்பர் இங்கேதான் வேலை செய்யும். செயின் மாட்டும் இரண்டு கால்களுக்கு நடுவே அளந்தால் 116610-ல் 20 மி.மீ., 2020-ல் வந்த 126610-ல் 21 மி.மீ. பழைய 116610-ன் கால்கள் தடித்தவை, புதியதில் மெலிந்தவை. டேட்ஜஸ்ட் 2 என்ற 41 மி.மீ. மாடல் 2009-ல் வந்தது. அதற்கு மூன்று கண்ணி ஆய்ஸ்டர் செயின் மட்டும்தான். 2016-ல் வந்த டேட்ஜஸ்ட் 41-க்கு ஐந்து கண்ணி ஜூபிலியும் உண்டு, வளையமும் மெலிது. ஜூபிலி செயினோடு "டேட்ஜஸ்ட் 2" வந்தால் செயின் பிற்பாடு மாட்டியது.

செயினை வாங்கும்போது கழற்றிய கண்ணிகள் எத்தனை என்று எண்ணி வாங்குங்கள். பழைய வாட்சில் இரண்டு கண்ணி குறைந்தாலும் உங்கள் கைக்குப் போதாமல் போகலாம், தனியாக வாங்கும் விலை மலைக்க வைக்கும். வாட்சைப் படுக்கைவாட்டில் பிடித்தால் செயின் மிகவும் வளைந்து தொங்குகிறதா என்றும் பாருங்கள். பழைய ஜூபிலியில் இது சகஜம். விலையில் கழிக்க வேண்டும்.

பாலிஷ் பற்றி ஒரு வேண்டுகோள். "புதுசு மாதிரி பண்ணித் தரேன்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சப்மரைனரின் கால்களில் மேல்பக்கம் மங்கலான கோட்டு வேலை, பக்கவாட்டில் பளபளப்பு. இரண்டும் சந்திக்கும் விளிம்பு கத்தி போல இருக்க வேண்டும். இஷ்டத்துக்குத் தேய்த்தால் விளிம்பு மழுங்கும், கால் மெலியும். தேய்ந்த உலோகத்தை யாராலும் திரும்ப வைக்க முடியாது. மழுங்கிப் பளபளக்கும் வாட்சை விடக் கீறலோடு கூர்மையாக இருக்கும் வாட்சுக்கு நான் அதிகம் கொடுப்பேன்.

6. பின்மூடியும் மெஷினும்

சப்மரைனருக்கும் டேட்ஜஸ்ட்டுக்கும் இப்போதைய வரிசையில் கண்ணாடிப் பின்மூடி கிடையாது. மெஷின் தெரியும் சப்மரைனரை யாராவது காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் மாடலைப் பிரிக்க உதவும். அசலா என்று உறுதி செய்ய இவை மட்டும் போதாது, ஏனென்றால் இன்றைய காப்பிகள் கிரீடம், லேசர் குறி வரை செய்கின்றன. டீலர் அல்லாத ஒருவரிடம் வாங்கினால் மூடியைத் திறந்து மெஷினைப் பார்ப்பதை ஒரு நிபந்தனையாகவே வையுங்கள். விற்பவர் மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். திறப்பவர் அந்த பிராண்டுக்கான சரியான கருவி வைத்திருக்க வேண்டும். மூடிய பின் நீர்புகா சோதனை செய்து தர வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் ரப்பர் வளையம் சரியாக உட்காராத வாட்ச் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது.

டைம்கிராஃபர் என்ற சின்ன மெஷினில் வைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை விநாடி கூடுகிறது, குறைகிறது, உள்சக்கரம் எவ்வளவு வீச்சில் ஆடுகிறது என்று தெரியும். முழுதாகச் சாவி கொடுத்து, டயல் மேலே இருக்கும்படி வைத்தபோது வீச்சு 250 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. 220-க்குக் கீழே என்றால் சர்வீஸ் செலவு காத்திருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அளவைச் சரியாக அமைக்க வேண்டும். பொதுவாக 52-ல் இருக்கும். ஒமேகாவின் கோ-ஆக்சியல் மெஷின்கள் பலவற்றுக்கு 38. மாற்றாமல் பார்த்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

7. மாற்றி மாட்டிய பாகங்கள்

நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது, பிற்பாடு பதித்த வைரம். ஸ்டீல் டேட்ஜஸ்ட்டை வாங்கி, வெளியில் வைர டயலும் வைர வளையமும் போட்டு, "ஒரிஜினல் டயமண்ட்" விலைக்கு விற்பார்கள். வைரம் அசலாகவே இருக்கலாம், வேலை ரோலெக்ஸ் உடையது அல்ல. வெளிப் பாகம் உள்ள வாட்சை ரோலெக்ஸ் சர்வீஸ் மையம் அப்படியே ஏற்காது. விற்கும்போதும் போட்ட பணம் திரும்பாது. வாரண்டி அட்டையின் ரெஃபரன்ஸ் எண் வைர வளைய மாடலுடையதுதானா என்று பாருங்கள், அங்கேயே பிடிபடும்.

தங்க கேஸ் என்றால் தி.நகரில் நகை தரம் பார்க்கும் இடங்களில் உள்ள காரட் மீட்டரில், வாட்சைச் சேதப்படுத்தாமல், தூய்மையைப் பார்க்கலாம். விற்பவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

8. தாள்கள்

என் கணக்கில் முக்கியத்துவ வரிசை: பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் ரசீது, கடைசியில்தான் டப்பா. டப்பா தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பில்லில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், கடையின் ஜிஎஸ்டி எண், ரெஃபரன்ஸ், சீரியல். எச்எஸ்என் என்ற சரக்கு வகைக் குறியீடு, தங்கம் முதலிய உயர்ந்த உலோக கேஸ் என்றால் 9101, மற்றவை 9102. "ரிஸ்ட் வாட்ச் ஒன்று" என்று மட்டும் எழுதிய பில்லை ஏற்காதீர்கள். காணாமல் போனால் போலீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் சீரியல் எண்தான் வேண்டும்.

சீரியல் எங்கே இருக்கும்? இன்றைய ரோலெக்ஸில் கண்ணாடிக்கு அடியில் டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்தில், 6 மணிக்கு நேரே. சுமார் 2005-க்கு முந்தையவற்றில் செயினைக் கழற்றினால் 6 மணிப் பக்கக் கால்களுக்கு நடுவே சீரியல், 12 மணிப் பக்கம் ரெஃபரன்ஸ். ஒமேகாவில் காலின் அடிப்புறமோ பின்மூடியிலோ. அட்டையோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள்.

ரோலெக்ஸ், டியூடர், ஒமேகா மூன்றுக்கும் 5 ஆண்டு வாரண்டி. அட்டையில் உள்ள தேதியிலிருந்து அது ஓடத் தொடங்கும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கார்ட்டியேவில் 2 ஆண்டு. இணையத்தில் பதிவு செய்தால் 8 வரை நீட்டிக்கலாம். பலர் பதிவு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

தனி ஆளிடம் வாங்கினால் அவருடைய அசல் பில், அடையாள அட்டை நகல், சீரியல் எழுதி இருவரும் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், வங்கி வழிப் பணம். நான்கில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். திருட்டு, தொலைந்த வாட்சுகளுக்கான தி வாட்ச் ரெஜிஸ்டர் என்ற சர்வதேசப் பதிவேட்டில் கட்டணம் கட்டிச் சீரியலைச் சரிபார்க்கலாம்.

9. பணம்

வாட்சுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஷோரூம் விலையில் அது பெரும்பாலும் அடங்கியிருக்கும். கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய வாட்சை வியாபாரியிடம் வாங்கும்போது அவர் தன் லாபத்தின் மீது மட்டும் ஜிஎஸ்டி கட்டும் முறை உண்டு. அதனால் பில்லில் 18 சதவீதம் தனியாகத் தெரியவில்லை என்பதாலேயே பில் பொய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கிறார். 12 லட்சம் என்றால் 12,000. இது கூடுதல் செலவல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். பான் எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் வரவு வராது என்பதால் பில் போடும்போதே பாருங்கள்.

ஒரே வாட்சுக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க விற்பவருக்குச் சட்டத்தில் அனுமதியில்லை. "கேஷ்னா பத்து பர்சென்ட் கம்மி" என்று சொல்பவரிடம் பில் கிடைக்காது, பில் இல்லாமல் பின்னால் விற்கும்போது அந்தப் பத்தை விட அதிகம் இழப்பீர்கள்.

10. காலம்

டிமாண்ட் உள்ள ஸ்டீல் ரோலெக்ஸ் மாடல்கள் கவுன்டரில் கிடைக்காது. பெயர் பதிந்து மாதக்கணக்கில், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "இந்த நகையும் சேர்த்து வாங்கினால் முன்னால் வரும்" என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒமேகா, கிராண்ட் செய்கோ, கார்ட்டியே சீக்கிரம் கிடைக்கும். முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்றால் தேதி குறித்த உடனே போய்ப் பேசுங்கள்.

சர்வீஸ் ரோலெக்ஸுக்குச் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை, ஒமேகாவுக்கு 5 முதல் 8. பழைய வாட்ச் வாங்கும்போது கடைசி சர்வீஸ் தேதியைக் கேட்டு, நெருங்கிவிட்டால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். அதற்குள் கடலில் நீந்துகிறவர் என்றால் வருடத்துக்கு ஒருமுறை நீர்புகா சோதனை செய்துகொள்ளுங்கள்.

11. வெளிநாட்டில் வாங்குவது

சிங்கப்பூரில் 9 சதவீத ஜிஎஸ்டியிலும் துபாயில் 5 சதவீத வாட்டிலும், கட்டணம் போகப் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் அதை மட்டும் கணக்குப் போட்டால் போதாது. மீனம்பாக்கத்தில் இறங்கியதும் சிவப்புப் பாதையில் போய் அறிவித்துச் சுங்கம் கட்ட வேண்டும். கையில் கட்டியிருந்தாலும் இதே விதிதான். அறிவிக்காமல் பிடிபட்டால் வாட்சையே பறிமுதல் செய்யலாம். அன்றைய விகிதத்தைச் சுங்கத்துறை இணையதளத்தில் பார்த்து, கூட்டிப் பார்த்து, அதன் பிறகு இந்திய விலையோடு ஒப்பிடுங்கள். கட்டிய ரசீதை வாட்ச் இருக்கும் வரை வைத்திருங்கள். இந்தியாவில் விற்கும்போது அதுதான் உங்கள் பில்.

இங்கே வாங்கிய வாட்சைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள், புறப்படும் முன் விமான நிலையச் சுங்கக் கவுன்டரில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது அதே வாட்சுக்கு வரி கேட்கமாட்டார்கள். பில்லையும் வாட்சையும் காட்ட வேண்டும், வழக்கத்தை விடச் சற்று முன்பே போய்ச் சேருங்கள். சான்றிதழில் ரெஃபரன்ஸும் சீரியலும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். "ரோலெக்ஸ் வாட்ச் ஒன்று" என்று மட்டும் இருந்தால் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.